பதில் எங்கே முடிகிறது? தாய் நிரலும் பிள்ளை நிரலும் கதைக்கும் முறை பற்றி

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து அச்சகங்களிலும் கொட்டாஞ்சேனைத் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்புகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், பாடசாலை ஆண்டு மலர் என்று ஒரு சமூகத்தின் எழுத்து வாழ்க்கையே அவற்றில் இருக்கிறது. யூனிகோட்டுக்கு மாற்றாமல் அவற்றில் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது. நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை. ஆகவே பைத்தனில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் வழி. அந்த ஸ்கிரிப்ட் தாய் நிரலாக நின்று, எழுத்துரு மாற்றும் நிரலொன்றைத் தன் பிள்ளையாக எழுப்பும்; அதற்குப் பழைய எழுத்தைக் கொடுத்துப் புதிய எழுத்தை வாங்கும்; வாங்கியதை ஹன்ஸ்பெல் போன்ற சொற்பிழை திருத்தியிடம் கொடுத்து அதன் கருத்தையும் கேட்கும். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் பத்து வரிக் கோப்புக்குச் சரியாக ஓடும் இதே ஸ்கிரிப்ட், ஒரு முழு மலரைக் கொடுத்ததும் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் அப்படியே நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஸ்கிரிப்ட் மொழியும் ஒவ்வொரு லைப்ரரியைப் பதிலாகத் தந்திருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு நிரல்களை எந்த லைப்ரரியாலும் கதைக்க வைக்க முடியாது. ஒரு கேள்வி எங்கே முடிகிறது, ஒரு பதில் எங்கே முடிகிறது என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போயிருந்தால் மிகச் சாதாரணமான லைப்ரரியே போதும். அந்த உடன்பாடு இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான லைப்ரரியும் ஒருநாள் நின்றே தீரும்.

வரலாற்றிலிருந்து தொடங்குவது பயன்தரும். நிரல்களைத் தோட்டத்துக் குழாய்கள் போல ஒன்றோடொன்று பொருத்தும் வசதி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இல் ஒரு குறிப்பு எழுதினார். 1973இல் கென் தொம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். அந்தக் குழாய் ஒருவழிப் பாதை. ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் வாசிக்கலாம். எழுதுபவர் முனையை மூடினால் வாசிப்பவருக்கு முடிவு தெரியும். இந்த ஒருவழித்தன்மைதான் அதன் பலம். தண்ணீர் ஒரே பக்கம் ஓடும்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதில் குழப்பம் வராது. வாசிப்பவர் மெதுவாக இருந்தால் எழுதுபவர் சற்று நிற்பார், அவ்வளவுதான். சி மொழியின் பொப்பன் என்ற செயற்கூறும் பிள்ளையிடமிருந்து வாசிக்கலாம் அல்லது பிள்ளைக்கு எழுதலாம் என்று இரண்டில் ஒன்றையே தந்தது. ஆனால் மனிதர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. கோர்ன் ஷெல் துணை நிரல் என்ற வசதியைக் கொண்டுவந்தது. பேர்ளில் ஓப்பன்2, ஓப்பன்3 வந்தன. டிக்கிளில் குழாயை இருபக்கமும் திறக்கலாம். பைத்தனில் பொப்பன்2 முதலான பல செயற்கூறுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் குவிந்தன. அந்தக் குவியலை ஒழுங்குபடுத்தப் பீட்டர் ஓஸ்ட்ராண்ட் 2003இல் முன்வைத்த திட்டம்தான், 2004இல் பைத்தன் 2.4உடன் வந்த சப்புரொசஸ் லைப்ரரி. இன்று நம்மவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் அதன்மீதே நிற்கின்றன.

இனி அந்த நின்றுபோகும் ஸ்கிரிப்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கொழும்பு என்ற சொல்லையே எடுக்கலாம். பாமினியில் அதை அடிக்க ஏழு தட்டல், ஆகவே ஏழு பைட். யூனிகோட்டில் அதே சொல் எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 24 பைட். அதாவது மாற்றும் பிள்ளை நிரல், வாங்குவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் திருப்பிக் கொடுக்கிறது. லினக்ஸில் ஒரு குழாயின் வழமையான கொள்ளளவு 65,536 பைட். தமிழ்க் கணக்கில் அது ஏறக்குறைய இருபத்தோராயிரத்து எண்ணூறு குறியீடுகள். இந்தக் கட்டுரை அளவிலான ஓர் எழுத்தே அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். தாய் நிரல் முழுக் கோப்பையும் எழுதி முடித்த பிறகுதான் வாசிக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஏறத்தாழ 19,000 பைட்டை வாங்கி மாற்றும்போதே அதன் வெளிக்குழாய் நிரம்பிவிடுகிறது. வாசிக்க ஆளில்லை, பிள்ளை எழுத முடியாமல் நிற்கிறது. நின்றுவிட்ட பிள்ளை உள்ளே வருவதையும் வாங்காது. தாய் இன்னும் 65,536 பைட் எழுதும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் அதுவும் நிற்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க நிற்பார்கள். ஆகவே எண்பதாயிரம் பைட்டை ஒட்டிய ஏதோ ஓர் அளவு வரை ஸ்கிரிப்ட் ஓடும், அதைத் தாண்டினால் ஓடாது. ஐந்நூறு சொல் செய்திக்கும் அழைப்பிதழுக்கும் ஒரு குறையும் தெரியாது. பாடசாலை மலருக்கு உறைந்துவிடும். சோதனை சிறிய கோப்பில் நடப்பதும் உண்மையான வேலை பெரிய கோப்பில் நடப்பதும்தான் இந்தப் பிழையை இத்தனை காலம் வாழவைத்திருக்கிறது.

இந்த முதற் சிக்கலுக்கு லைப்ரரி உண்மையிலேயே மருந்து வைத்திருக்கிறது. சப்புரொசஸின் கொமியூனிகேட் என்ற செயற்கூறு எழுதுவதையும் வாசிப்பதையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்கிறது. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் எந்தக் குழாய் தயாராக இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு வேலை செய்கிறது. விண்டோஸில் குழாய்களை அப்படிக் கேட்க முடியாததால் ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் இழையை அமர்த்துகிறது. பிழைச்செய்திகள் போகும் மூன்றாவது குழாயையும் அது மறப்பதில்லை. கையால் எழுதுகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் அதைத்தான்: டெசரக்ட் போன்ற எழுத்துணரி நிரலுக்குப் பல பக்கங்களைத் தொடர்ந்து கொடுத்தால் எச்சரிக்கைகள் அந்த மூன்றாவது வழியில் சேர்ந்துகொண்டே போகும், வாசிப்பாரில்லாமல் அது நிரம்பினால், மற்ற இரண்டும் காலியாக இருந்தாலும் நிரல் நிற்கும். பைத்தனின் அதிகாரபூர்வ ஆவணமே நேரடியாக எழுதி வாசிப்பதைத் தவிர்த்து கொமியூனிகேட்டைப் பாவிக்கச் சொல்கிறது. நம் அச்சக வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. முழுக் கோப்பையும் கொடு, உள்வழியை மூடு, முழுப் பதிலையும் வாங்கு. ஆனால் இதை இருவழி உரையாடல் என்று அழைப்பது மிகை. ஒரு கடிதம் போகிறது, ஒரு பதில் வருகிறது, பிள்ளை இறந்துவிடுகிறது. இங்கே பதில் முடிந்த இடம் எப்படித் தெரிகிறது? பிள்ளை தன் முனையை மூடுவதால் தெரிகிறது. அதாவது கொமியூனிகேட் வெற்றிபெறுவதற்குக் காரணமே, முனையை மூடுவது என்ற மிகப் பழைய உடன்பாட்டை அது இரு பக்கமும் கட்டாயமாக்குவதுதான்.

உண்மையான உரையாடல் வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு, அவற்றை மறுக்க முடியாது. சொற்பிழை திருத்தி தன் அகராதியை நினைவகத்தில் ஏற்றவே நேரம் எடுக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதைப் புதிதாக எழுப்பினால், பத்தாயிரம் சொல் கொண்ட மலருக்குப் பத்தாயிரம் தடவை அகராதி ஏறும். பிள்ளையை உயிரோடு வைத்துக்கொண்டு சொல் சொல்லாகக் கேட்பதுதான் அறிவுடைமை. அங்கேதான் இரண்டாவது சிக்கல் வருகிறது. சி மொழியின் வழமையான வெளியீட்டு லைப்ரரி, தன் எதிரே திரை இருக்கிறதா குழாய் இருக்கிறதா என்று பார்க்கிறது. திரை என்றால் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பும். குழாய் என்றால் பஃபரில் சில ஆயிரம் பைட் சேரும்வரை பிடித்துவைக்கும். பைத்தனில் எழுதிய பிள்ளையும் இப்படித்தான் நடக்கிறது. எனவே முனையத்தில் கையால் ஓட்டும்போது கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லும் அதே நிரல், ஸ்கிரிப்டுக்குள் வந்ததும் வாய் திறப்பதில்லை. பதில் தயாராகிவிட்டது, ஆனால் பிள்ளையின் பஃபரில் கிடக்கிறது. தாயோ அந்தப் பதில் வராமல் அடுத்த சொல்லை அனுப்புவதில்லை. குழாய் நிரம்பவில்லை, யாரும் பிழை செய்யவில்லை, இருந்தும் இருவரும் நிற்கிறார்கள். இதைத் தாய்ப் பக்கத்து லைப்ரரியால் திருத்த முடியாது, ஏனெனில் பஃபர் இருப்பது பிள்ளையின் வீட்டுக்குள். பிள்ளையை எழுதியவர் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தள்ளிவிடும் கட்டளையைப் போட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து பஃபர் முறையை மாற்ற ஜிஎன்யு தொகுப்பில் எஸ்டிடிபஃப் என்றொரு கருவி உண்டு. அது சி மொழியின் வழமையான லைப்ரரியைப் பாவிக்கும் நிரல்களிடம் மட்டுமே செல்லுபடியாகும். பைத்தன் பிள்ளையிடம் அது எடுபடாது. அதற்கு வேறு சாவி.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, அதைத் தமிழே அழகாகக் காட்டுகிறது. பாமினியில் கொ என்ற எழுத்தை அடிக்கும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். ஆங்கில விசைப்பலகையில் என், எஃப், எச். யூனிகோட்டிலோ க முதலில், உயிர்க்குறி பிறகு. இப்போது தாய் நிரல் ஒற்றைக் கொம்பையும் க எழுத்தையும் மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று நினையுங்கள். பிள்ளை என்ன சொல்ல வேண்டும்? அடுத்து கால் வந்தால் இது கொ. வேறொரு குறி வந்தால் கௌ. வேறெதுவும் வந்தால் கெ. அடுத்த எழுத்தைப் பார்க்காமல் எந்த நேர்மையான மாற்றியும் பதில் சொல்ல முடியாது. பஃபரை முற்றாக நிறுத்தினாலும், குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும், பிள்ளை அடுத்த எழுத்துக்காகவும் தாய் இந்த எழுத்தின் பதிலுக்காகவும் காத்துக்கொண்டே இருப்பார்கள். கவனியுங்கள், இது கணினியின் குறையே அல்ல. உள்ளீடு எந்த அளவில் பொருள் பெறுகிறது என்பதை இருவரும் பேசிக்கொள்ளாததன் விளைவு. ஒரு வரி முழுதாக வந்தால் மட்டுமே மாற்றுவேன், வரி முடிந்ததும் உடனே தருவேன் என்று பிள்ளை வாக்குக் கொடுத்தால் சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வரிசைப்படுத்தும் சோர்ட் நிரல் இதன் முற்றிய வடிவம்: கடைசி வரி வரும்வரை முதல் வரி எது என்று அதற்கே தெரியாது. அதனால்தான் ஜிஎன்யு ஓக் மொழி, துணை நிரலுடனான தொடர்பில் எழுதும் முனையை மட்டும் தனியாக மூடும் வசதியைத் தந்து, சோர்ட்டையே உதாரணமாகக் காட்டுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். போலி முனையம் இருக்கிறதே என்பார்கள். 1990இல் அமெரிக்கத் தர நிறுவனத்தில் இருந்த டொன் லைப்ஸ் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை வெளியிட்டார். பிள்ளைக்குக் குழாய்க்குப் பதிலாகப் பொய்யான ஒரு திரையைக் காட்டினால் அது மனிதரிடம் பேசுவதாக எண்ணி வரிக்கு வரி பதில் தரும். தாய், எதிர்பார்க்கும் சொற்றொடர் கண்ணில் படும்வரை வாசிக்கும். பைத்தனின் பிஎக்ஸ்பெக்ட் இதே வழியில் வந்தது. கடவுச்சொல் கேட்கும் நிரல்கள், பழைய வலையமைப்புக் கருவிகள் போன்றவற்றோடு பேச இதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உடன்பாட்டின் இடத்தை நிரப்பவில்லை, ஊகத்தை வைத்து ஒப்பேற்றுகிறது. எதிர்பார்க்கும் சொற்றொடர் பதிலுக்குள்ளேயே வந்துவிட்டால் தாய் பாதியில் எழுந்துவிடும். நீங்கள் அனுப்பியதே எதிரொலித்து வரும். வரி முடிவுகள் உருமாறும். சில குறிகளை முனையம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு இன்னொரு பொறியும் உண்டு. லினக்ஸ் முனையம் தன் வழமையான நிலையில் ஒரு வரியில் 4,095 பைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் நாலாயிரம் எழுத்தை ஒரே வரியில் யாரும் எளிதில் தாண்டுவதில்லை. தமிழில் 4,095 பைட் என்பது 1,365 குறியீடுகள், ஏறத்தாழ நூற்றைம்பது சொற்கள். பத்தி முழுவதையும் ஒரே வரியாக வைத்திருக்கும் நம் அச்சுக் கோப்புகளில் ஒரு நடுத்தரப் பத்தியே அதைத் தொட்டுவிடும். நின்றுபோவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. வால் அறுந்த பத்தி மலராக அச்சேறிய பிறகுதான் தெரியும்.

இழைகளும் ஒத்திசையா முறையும் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டன என்பது அடுத்த மறுப்பு. பைத்தன் 3.4இல் அசின்கியோ வந்தது. நோட் ஜேஎஸ் பிறப்பிலேயே அப்படி. வாசிப்பும் எழுத்தும் தனித்தனியே நடப்பதால் குழாய் நிரம்பி நிற்கும் பிரச்சினை போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் இதுவரை வந்த பைட்டுகளோடு பதில் முடிந்துவிட்டதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பத்து இழை வைத்திருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. சிலர் நேர எல்லை வைக்கிறார்கள்: இரண்டு விநாடிக்குள் ஒன்றும் வரவில்லையென்றால் முடிந்துவிட்டது. வேகமான கணினியில் இது வீண் காத்திருப்பு; கடை மூலையில் இருக்கும் பழைய கணினியில் இது தவறான பதில். நேர எல்லை ஒரு பிள்ளை செத்துவிட்டதா என்று சந்தேகிக்க உதவும், அதற்கு அது கட்டாயம் வேண்டும். பதிலின் முடிவைத் தீர்மானிக்க அதைப் பாவிப்பதை நான் ஏற்கமாட்டேன். குழாயைப் பெரிதாக்கலாம் என்ற யோசனையும் இதே இனம். லினக்ஸில் சாதாரணப் பாவனையாளர் ஒருவர் வழமையாக ஒரு மெகாபைட் வரை பெரிதாக்கலாம். உறையும் கோப்பின் அளவு மாறும், உறைவது மாறாது.

சரி, நன்றாக நடக்கும் உரையாடல்கள் எப்படி இருக்கின்றன? ஹன்ஸ்பெல்லுக்கு அதன் முன்னோடியான இஸ்பெல்லிடமிருந்து வந்த ஒரு முறை உண்டு. குழாய் முறையில் எழுப்பினால் முதலில் தன்னை அறிமுகப்படுத்தும் ஒரு வரி. பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும், சொல்லுக்கு ஒரு வரியாகத் தீர்ப்பு, சரியென்றால் நட்சத்திரக் குறி, தவறென்றால் பரிந்துரைகள். அந்த வரிக்கான பதில் முடிந்ததும் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிதான் உடன்பாடு. அதைத் தெரிந்த தாய்க்கு இழையும் வேண்டாம், போலி முனையமும் வேண்டாம். சதுரங்க நிரல்களுக்காக 2000இல் வந்த யூசிஐ நெறிமுறை இன்னும் தெளிவானது: தயாரா என்று தாய் கேட்டால், வேறெந்த வேலையில் இருந்தாலும், தயார் என்று பிள்ளை சொல்லியே ஆகவேண்டும். எர்லாங் மொழிக்கு, வெளிநிரலுடன் பேசும்போது ஒவ்வொரு செய்திக்கு முன்னும் அதன் நீளத்தை வைக்கத் தெரியும். கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட், 2016இல் கோப்புக்கொரு நிரலை எழுப்புவதற்குப் பதிலாக ஒரே பிள்ளையிடம் நீளம் குறித்த பொதிகளாகப் பேசும் வழியைச் சேர்த்தது. அதே 2016இல் வந்த மொழிச் சேவை நெறிமுறையும் ஒவ்வொரு செய்திக்கு முன்னும் நீளத்தை எழுதுகிறது. இன்று நம்மவர்கள் விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியில் பிழைக் கோடுகளைப் பார்க்கும்போது, பின்னால் பெரும்பாலும் ஒரு பிள்ளை நிரல் இப்படிப்பட்ட நெறிமுறையில் பேசிக்கொண்டிருக்கிறது. 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்காக வந்த எம்சிபி நெறிமுறை, பிள்ளை நிரலுடன் குழாய் வழியாகப் பேசும்போது ஒரு செய்திக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டது. குறிப்புகளை மூன்றாவது குழாயில் மட்டும் எழுதலாம், வெளிவழியில் சோதனைக்காக இட்ட ஒரு பிரிண்ட் கட்டளைகூட உரையாடலைக் கெடுக்கும். இவை வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு தேவைகளுக்கானவை. ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவைகூட வரி, நீளம், முடிவுக்குறி என்ற மூன்றில் ஏதோ ஒன்றிடமே வந்து சேர்ந்திருக்கின்றன.

நீளத்தைச் சொல்வதில் தமிழர் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். கொழும்பு என்ற சொல்லின் நீளம் என்ன? பிள்ளைகளைக் கேட்டால் நான்கு எழுத்து என்பார்கள், சரிதான். பைத்தனைக் கேட்டால் எட்டு. குழாயைக் கேட்டால் இருபத்துநான்கு. நெறிமுறை கேட்பது பைட் கணக்கு. நிரலாளர் பைத்தனின் நீளக் கணக்கை அப்படியே எழுதிவிட்டால், தமிழ் வந்த முதற் செய்தியிலேயே மறுபக்கம் மூன்றிலொரு பங்கை வாங்கி மிச்சத்தை அடுத்த செய்தியாக நினைக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை என்றைக்கும் தெரியாது. வாசிக்கும் பக்கத்திலும் இதே கதை. 65,536ஐ மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. 4,096க்கும் மீதி ஒன்று. 8,192க்கு மீதி இரண்டு. வெற்றிடங்களும் நிறுத்தக்குறிகளும் ஒரு பைட் என்பதால் வெட்டு எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது, ஆனால் பெரும்பாலும் ஒரு குறியீட்டின் நடுவில்தான் விழும். வந்த துண்டை வந்த உடனே எழுத்தாக்க முயன்றால் பிழை வரும், அல்லது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். மீதிப் பைட்டை அடுத்த துண்டுக்காக வைத்திருக்கும் படிமுறைப் பிரிப்பான் பைத்தனிலேயே இருக்கிறது. அதைப் பாவிக்க வேண்டும். விண்டோஸில் இன்னொன்றும் சேரும். பைத்தன் திரைக்கு எழுதும்போது 3.6ஆம் பதிப்பிலிருந்து யூனிகோட்டில் எழுதுகிறது. குழாய்க்கு எழுதும்போதோ முறைமையின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்கிறது. ஆங்கில அமைப்பிலுள்ள கணினியில் அந்தக் குறிமுறைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஆகவே திரையில் அழகாகத் தெரிந்த தமிழ், குழாய்க்குள் போனதும் பிழையாக வெடிக்கும். குறிமுறை யூடிஎஃப்-8 என்று இரு பக்கமும் வெளிப்படையாக எழுதிவைப்பதும் அந்த உடன்பாட்டின் ஒரு பகுதியே.

இத்தனை தொல்லை எதற்கு, பிள்ளை நிரலையே விட்டுவிட்டு வலையமைப்பு வழியாகப் பேசினால் என்ன என்று கேட்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரினா மொழி, உரையாடலின் இயல்பான இடம் வலையமைப்பு என்ற எண்ணத்திலேயே கட்டப்பட்டது. சேவைகளும் அழைப்புகளும் அந்த மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே வருகின்றன. வலையமைப்பு வழி நன்றாக நடப்பது உண்மை. ஏன் நடக்கிறது என்று பார்த்தால் என் வாதமே திரும்பி வருகிறது: பதில் எங்கே முடிகிறது என்பதற்கு எச்டிடிபி விதி வைத்திருக்கிறது, பதிலின் நீளத்தையும் குறிமுறையையும் தலைப்பிலேயே சொல்ல இடமும் தருகிறது. எவ்வித நெறிமுறையும் இல்லாமல் வெறும் சொக்கெட்டைத் திறந்து இரு நிரல்களைப் பேசவிட்டால், குழாயில் நின்ற அதே இடத்தில் அங்கும் நிற்கும். மறுபக்கம், எழுத்துணரியையோ மாற்றியையோ லைப்ரரியாக நம் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. வேகம் கிடைக்கும், ஆனால் பழுதான ஒரு ஸ்கான் பக்கத்தில் எழுத்துணரி விழுந்தால் தாயும் சேர்ந்து விழும். பிள்ளை விழுந்தால் இன்னொரு பிள்ளையை எழுப்பி அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இரவு முழுக்கத் தனியே ஓடவேண்டிய வேலைக்கு இந்தப் பாதுகாப்பு சிறிய விஷயம் இல்லை.

லைப்ரரிகளுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் இரண்டை அடுத்தடுத்து எழுப்பும்போது, முதற் பிள்ளைக்கான குழாய் முனையை இரண்டாவது பிள்ளையும் தெரியாமல் சுமந்துகொண்டு போகும் பிழை பைத்தனில் வெகுகாலம் இருந்தது. தாய் தன் முனையை மூடினாலும் இரண்டாவது பிள்ளை கையில் ஒரு முனை திறந்தே இருக்கும். முதற் பிள்ளைக்கு முடிவு தெரியவே தெரியாது. 3.2இல் பிள்ளைக்குத் தேவையற்ற முனைகளை மூடுவதை வழமையாக்கினார்கள், 3.4இல் முனைகள் பரம்பரையாகப் போவதையே நிறுத்தினார்கள். முனையை மூடினால் முடிவு என்ற பழைய உடன்பாட்டை உண்மையாக்குவதுதான் ஒரு லைப்ரரி செய்யக்கூடிய பெரிய உதவி. அந்த இரண்டு மாற்றங்களையும் நான் அப்படித்தான் மதிக்கிறேன். உடன்பாட்டையே ஊகித்துத் தருகிறேன் என்று முன்வரும் லைப்ரரிகளை விட்டு விலகி நிற்பது நல்லது.

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் மாணவர்கள் பைத்தனையும் படிக்கிறார்கள், பணிசெயல் முறைமை என்ற பகுதியில் ஒரு நிரல் தயார் நிலை, ஓடும் நிலை, தடைப்பட்ட நிலை என்று மாறுவதையும் படம் வரைந்து படிக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அலகுகளில் கிடக்கின்றன. தாய் நிரலும் பிள்ளை நிரலும் ஒன்றையொன்று பார்த்துத் தடைப்பட்டு நிற்பதைப் பத்து வரிப் பைத்தனில் வகுப்பறையிலேயே காட்டலாம். பாமினிக் கோப்பு ஒன்று போதும். கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றிகள், திருத்திகள், எழுத்துணரிகள் என்று தமிழுக்கான கருவிகளை எழுதி வெளியிடுகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் நிரலோடு ஒரு பக்கக் குறிப்பை வையுங்கள்: குறிமுறை எது, எந்த அளவில் உள்ளீடு வேண்டும், பதில் முடிந்ததை எந்தக் குறியால் அறியலாம், ஒவ்வொரு பதிலையும் உடனே தள்ளிவிடுகிறதா, பிழைச்செய்தி எந்த வழியில் வரும். ஐந்து வரி. அந்த ஐந்து வரி இருந்தால் கொட்டாஞ்சேனையில் இருப்பவர் தன் ஸ்கிரிப்டை இரவில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம்.